எவ்வளவு இறுக்கினால் போதும்

ஒரு பெண் தன் பைக்கின் நட்டைத் தானே இறுக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்திலிருந்து வரும் முதல் வார்த்தை, "அதுக்குக் கை பலம் வேணும்மா" என்பதுதான். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அன்பாகவே சொல்வார். அதே அன்போடு நம் கையில் இருக்கும் ஸ்பேனரையும் வாங்கிக்கொள்வார். நாமும் ஒதுங்கி நின்று, அவருக்கு டீ போட்டுக் கொடுப்போம். பலம் என்கிற அந்த ஒரு சொல்லில் வாதம் முடிந்துவிடும். எவ்வளவு பலம், எந்த நட்டுக்கு, யார் அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பேன், என் வேலை அப்படி. புதுக்கோட்டை மாவட்டத்தில் நில அளவராக இருக்கிறேன். வரப்புத் தகராறுக்குப் போகும் இடங்களில் எப்போதும் ஒருவர் குரல் ஓங்கியிருக்கும். தாத்தா காலத்திலிருந்து என் பக்கம் என்பார், மீசையைத் தடவுவார். புலப்படத்தை விரித்து, சங்கிலியைப் பிடித்து, கல் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டியதும் சத்தம் அடங்கும். ஓங்கிய குரலுக்கும் நிலத்தின் நீளத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால், கை பலம் என்று சொன்னால் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது.

கணக்கு மிக எளிது. நட்டைத் திருப்பும் விசைக்கு முறுக்குவிசை என்று பெயர், பட்டறையில் டார்க் என்பார்கள். நாம் எவ்வளவு எடையில் அழுத்துகிறோம், நட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் அழுத்துகிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது அது. நியூட்டன் மீட்டர் என்று அதை அளக்கிறார்கள். பைக்கில் அதிகம் இருப்பவை பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுகள். அவற்றுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோ எடை வைத்து அழுத்தினால் அந்த 10 வந்துவிடும். ரேஷன் கடையிலிருந்து ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் அரிசிப் பையின் எடை. என் பைக்கில் பெரிய இறுக்கம் கேட்பது பின்சக்கர அச்சின் நட்டு. கையேட்டில் அதற்கு 60 என்று போட்டிருக்கிறது. 40 செ.மீ. கைப்பிடியுள்ள ரெஞ்ச் என்றால் அதற்கு 15 கிலோ அழுத்தம் தேவை. தண்ணீர் நிரம்பிய ஒரு குடத்தின் எடை.

ஒரு குடம். இந்த மாவட்டத்தில் அதை இடுப்பில் தூக்காத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு அதைத் தூக்கும்போது யாரும் வந்து, "அதுக்குக் கை பலம் வேணும்மா" என்று வாங்கிக்கொண்டதில்லை.

பலம் குறைவு என்பதைவிட, பலம் அதிகம் என்பதுதான் என் பைக்குக்கு வந்த கஷ்டம். ஒருமுறை ஆயில் மாற்றி வந்த பிறகு வாசலில் கறுப்பாய்ச் சொட்டு விழத் தொடங்கியது. ஆயிலை வடிக்கும் போல்ட் எஃகு, அது உட்காரும் இன்ஜின் கூடு அலுமினியம். பட்டறையில் இருந்தவர் நல்ல திடகாத்திரமான ஆள். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கி, தோள் எழும்ப இழுத்திருக்கிறார். அலுமினியத்தின் மரை தேய்ந்து போல்ட்டோடு வந்துவிட்டது. லேத்தில் புது மரை போட்டு வர இரண்டு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். கூடவே ஒரு அறிவுரையும் கிடைத்தது: "லேடீஸ் வண்டின்னா கொஞ்சம் கூடவே டைட் வச்சுக் கொடுப்போம் மேடம், உங்களால டைட் பண்ண முடியாதுல்ல."

நாம் திருத்த முடியாது என்பதால் நமக்குக் கூடுதலாக இறுக்கித் தருகிறார்கள். இதை நான் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

போல்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கூடுதல் எவ்வளவு ஆபத்து என்பது புரியும். போல்ட் இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது, ஸ்பிரிங்கைப் போல. குறைவாக இறுக்கினால் பிடிப்பு போதாது. அளவுக்கு மேல் இறுக்கினால் பழைய நீளத்துக்குத் திரும்பும் தன்மையை இழந்து, நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், அல்லது கழுத்தில் முறியும். நைந்துபோன ஜாக்கெட் எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளலாம். அதிகம் இறுக்கப்பட்டது பத்திரமாக இருக்கும் என்பது பொய்.

இன்னொன்றும் உண்டு. நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. போல்ட்டை நீளச் செய்வது மீதி ஒரு பங்குதான். அதனால் மரையில் ஆயில் தடவியிருந்தால் அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும். துரு ஏறியிருந்தால் இறுகியது போலத் தோன்றும், உள்ளே பிடிப்பு இருக்காது. கை உணர்வை மட்டும் நம்பினால் இந்த இரண்டு இடத்திலும் அது ஏமாற்றும். மரையைத் துடைத்துவிட்டு, கையேடு உலர்ந்த மரை என்றால் உலர்வாகவே இறுக்க வேண்டும்.

சரியாக இறுக்கிய போல்ட்டும் தளரும். வண்டி அதிரும்போது இறுக்கப்பட்ட இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் நூலளவு நழுவுகின்றன. அப்படி நழுவும் கணத்தில் உராய்வின் பிடி விட்டுப்போய் போல்ட் தானாகத் திரும்புகிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் இதைச் சோதனை செய்து காட்டினார். இன்றும் போல்ட் தளர்வதைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு அவர் பெயர்தான். வடகாடு பக்கத்துச் செம்மண் பாதையில் பத்து கிலோமீட்டர் போய்வரும் என் வண்டிக்குத் தனியாக அந்த இயந்திரம் தேவையில்லை. பாதையே சோதித்துவிடும்.

ஆகவே இரண்டு வேலை. சரியான அளவில் இறுக்குவது ஒன்று, அந்த அளவு நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது இன்னொன்று.

முதல் வேலைக்கு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். கைப்பிடியைத் திருகி வேண்டிய எண்ணில் வைத்துவிட்டு இழுக்க வேண்டும். அந்த அளவு வந்ததும் உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம், கையில் ஒரு சின்ன உதறல். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு, மனத்திருப்திக்காக ஒரு இழுப்பு என்பதெல்லாம் கூடாது. பயில்வான் இழுத்தாலும் நான் இழுத்தாலும் க்ளிக் கேட்கும் இடம் ஒன்றுதான். இந்த வகைக் கருவிகள் 1930களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவை. அதாவது, ஆட்களின் தோள்பலத்தை நம்பி இயந்திரம் பூட்டினால் சரிவராது என்று ஆண்கள் மட்டுமே வேலை பார்த்த தொழிற்சாலைகளுக்கே அப்போது தெரிந்திருக்கிறது. நம் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேரத்தான் நேரமாகிறது.

வாங்க நினைக்கும் தோழிகளுக்கு நான் கற்றதில் சில. சின்ன போல்ட்டுக்கும் அச்சு நட்டுக்கும் ஒரே ரெஞ்ச் சரிவராது. 5 முதல் 25 வரை அளப்பது ஒன்று, 20 முதல் 100 வரை அளப்பது ஒன்று என இரண்டு இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் பெரியதை வாங்குங்கள், சக்கரமும் பிரேக்கும் அதில் அடங்கும். கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அளவு தாண்டிவிடும். கழற்றுவதற்கு இந்த ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது, அதற்குச் சாதா ஸ்பேனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் எண்ணைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கியபடியே கிடந்து அளவு பிசகும். டிஸ்க் தகட்டில் இருப்பது போல வட்டமாகப் பல போல்ட்டுகள் இருந்தால் ஒன்றை இறுக்கிவிட்டு எதிரில் இருப்பதற்குப் போக வேண்டும். எண்களை யார் வாயிலிருந்தும் வாங்காதீர்கள், என் வாயிலிருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதுதான் உங்கள் எண்.

இரண்டாவது வேலைக்கு என் கருவி நகப்பூச்சு. சரியான அளவில் இறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் பாகம் வரை சிவப்பில் நேராக ஒரு கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து இரண்டாகிவிடும். காலையில் வண்டியை எடுக்கும்முன் குனிந்து முன் அச்சு, பின் அச்சு, பிரேக் காலிப்பர், ஹேண்டில்பார், சைடு ஸ்டாண்டு, சைலன்சர் என்று ஒரு சுற்றுப் பார்க்க இரண்டு நிமிடம். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ரெஞ்சை வைத்து இழுத்துப் பார்ப்பேன். அசையாமல் க்ளிக் கேட்டால் இறுக்கம் அந்த அளவுக்குக் குறையவில்லை. மரையில் பசை போட்டுப் பூட்டிய போல்ட்டை மட்டும் சும்மா சும்மா இழுக்கக் கூடாது, பசையின் பிடி விட்டுவிடும். அவற்றுக்குக் கோடு போதும்.

நகப்பூச்சு வாசம் வரும்போது எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வண்டிக்கும் மேக்கப்பா?" என்றார். அவர் மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு 'மரை கழண்ட கேஸ்' என்று தெருவில் பெயர் இருப்பதாகப் பிறகு அந்த அக்காவே சொன்னார். மரை கழலாமல் இருக்கத்தானே அக்கா இந்தப் பாடு என்றேன்.

பெயர் கிடக்கட்டும். சென்ற ஆண்டு ஒருநாள் பிரேக் பேட் மாற்றி, நான்கு கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். எந்த சர்வீஸ் முடிந்து வந்தாலும் அன்று மாலை, அவர்கள் கழற்றிப் பூட்டிய இடத்தையெல்லாம் ஒருமுறை அளந்துவிட்டுக் கோடு போடுவது வழக்கம். முன் காலிப்பரைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட்டில் உடனே க்ளிக். கீழ் போல்ட் ரெஞ்சோடு சுற்றிக்கொண்டே போனது. முக்கால் சுற்று. விரலாலேயே திருப்பியிருக்கலாம். மறுநாள் காலை திருமயத்துக்கு 20 கிலோமீட்டர், பாதிக்கு மேல் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. அந்த போல்ட் வழியில் விழுந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது காலிப்பர் மற்ற ஒரு போல்ட்டில் சுழன்று சக்கரத்தில் மாட்டியிருக்கும். முன்சக்கரம் நின்றால் மனிதர் எங்கே போவார் என்று எழுத வேண்டியதில்லை.

போல்ட்டைக் கழற்றி, மரையைத் துடைத்து, கையேட்டின் எண்ணில் இறுக்கிக் கோடு போட்டுவிட்டு மறுநாள் பட்டறைக்குப் போனேன். உரிமையாளரின் முதல் கேள்வி: "வீட்ல எதையாச்சும் நோண்டினீங்களா மேடம்?" சண்டை போடப் போகவில்லை, தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் வந்தேன் அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பையன் கையால போட்டு வச்சுட்டு இன்னொரு வண்டிக்குப் போயிருப்பான்." அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். காலையிலிருந்து அன்று அது எத்தனையாவது வண்டியோ. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. களைத்த கை மறக்கும், எந்தக் கையாக இருந்தாலும். அதற்காகத்தான் இன்னொரு முறை பார்ப்பது. இப்போது நான் போனால் உள்ளே குரல் கேட்கிறது: "சர்வேயர் மேடம் வண்டிடா, வீட்ல போய் அளப்பாங்க, பாத்துப் போடு."

இந்தப் பார்த்துக்கொள்ளும் வேலை பெண்களுக்குப் புதிதா என்ன? கேஸ் டியூபை மாதம் ஒருமுறை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது யார்? குக்கர் வால்வில் பருக்கை அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, தூளிக் கயிறு நைந்திருக்கிறதா என்று முடிச்சை இழுத்துப் பார்ப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது? இந்த வேலை ஒழுங்காக நடந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததால் யார் கண்ணிலும் படாது, கூலியும் கிடையாது. ஆண்டாண்டாகப் பயின்ற அந்தக் கண்ணை வீட்டுக்கு மட்டும் செலவழிக்கச் சொன்னார்கள். என் போல்ட்டுகளில் நான் அதை எனக்காகச் செலவழிக்கிறேன், என் உயிருக்காக, என் போக்குவரத்துக்காக.

வீட்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பெண்ணிடமும், "பாத்துப் போ" என்கிறார்கள். துப்பட்டா சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துப் போ, இருட்டுவதற்குள் வந்துவிடு, யாராவது பின்னால் வருகிறார்களா பார். நம் உடம்பு, உடை, நேரம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். "காலிப்பர் போல்ட்டைப் பார்த்தியா?" என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் அம்மாவிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் இங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிச் சைக்கிள் கற்றார்கள். அம்மா அவர்களில் ஒருத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கற்றவர். கேலி பேசியவர்களைத் தாண்டி ஓட்டினார். ஆனால் சீட்டு ஆடினாலும் செயின் கழன்றாலும் சைக்கிள் கடையில்தான் போய் நிற்க வேண்டும். கடைப் பலகையில் எப்போதும் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். "வண்டி ஓட்டுறப்போ இல்லாத கூச்சம் அங்க நிக்கிறப்போ வரும்" என்பார் அம்மா. ஓட்டுவது நம் கைக்கு வந்தது. பழுது பார்ப்பது பலகைக்காரர்களிடமே இருந்தது.

2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்த பல பெண்கள் அதில் ஸ்கூட்டி வாங்கினார்கள். வண்டி இவர்கள் பெயரில். வண்டியோடு வந்த கருவிப் பை வீட்டு ஆண்களின் பரணில். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அம்மா நின்ற இடத்திலேயே நிற்கிறோமோ என்று தோன்றும்.

ஓட்டுவதையும் பழுது பார்ப்பதையும் ஒரு கையில் வைத்திருந்த பெண் ஒருத்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பியாட்ரிஸ் ஷில்லிங், 1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், அதைத் தானே பிரித்துப் பூட்டியவர். 1934இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் திடீரென்று மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் இன்ஜின் திணறி நின்றது. பொறியாளராக இருந்த ஷில்லிங் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, நடுவில் அளந்து போட்ட துளையுள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு. வாஷர் மாதிரி. இன்ஜினுக்கு வேண்டிய அளவுக்கு மேல் எரிபொருள் பாயாமல் அது தடுத்தது. 1941இல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தினார். உயிர் தப்பிய ஆண்கள் அந்தத் துண்டுக்கு 'மிஸ் ஷில்லிங்கின் துளை' என்று இரட்டை அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். அப்போது அவருக்குத் திருமணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்த நாடாக இருந்தாலும் கேலிக்குக் குறைவில்லை. துண்டு அதன் வேலையைச் செய்தது.

எங்கள் தெருவில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வண்டிகள் நிற்கின்றன. ஒரு கிராம செவிலியர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் இருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, நான். ஸ்கூட்டியில் பின்சக்கர நட்டு எங்கே இருக்கிறது, எந்த போல்ட்டைத் தொட வேண்டும், இன்ஜின் தலையில் இருப்பவற்றை ஏன் தொடக் கூடாது என்று பேசிக்கொள்கிறோம். அந்தந்த வண்டியின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மாணவி முதன்முறை இழுத்தபோது க்ளிக் கேட்டதும் பயந்து கையை எடுத்துவிட்டாள். "உடைஞ்சிருச்சா அக்கா?" இல்லை, அவ்வளவுதான் வேண்டியது என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

எதிர்வீட்டு அக்காவுக்கு வண்டி இல்லை, கணவரின் பைக் இருக்கிறது. போன வாரம் வந்து கேட்டு ரெஞ்சை வாங்கிப் போயிருக்கிறார், நகப்பூச்சு தன்னிடமே இருக்கிறதாம். திருப்பித் தரும்போது எண்ணைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைத்துத் தர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.